18-140 போதுமா, 18-400 வேண்டுமா? கிராப் சென்சார் கேமராவுக்கு ஒரே லென்ஸ் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரைவிடச் சிறிய, ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலச் சென்சார் உள்ள கேமராக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இந்தப் பதில்கள். நிக்கானின் டிஎக்ஸ், சோனியின் 6000 வரிசை, ஃபியூஜியின் எக்ஸ் வரிசை ஆகியவை இந்த வகை. கேனானின் கிராப் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது. அதனால் ஃபுல் ஃபிரேமோடு படக்கோணத்தை ஒப்பிட லென்ஸின் எண்ணைப் பெருக்கும் எண் அங்கே 1.5 அல்ல, 1.6. 18-140 போன்ற எண்கள் லென்ஸின் குவியத் தூரத்தை மி.மீ. கணக்கில் சொல்பவை: எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவில் உள்ளது நெருங்கும்.

சூப்பர்ஜூம் என்று எதைச் சொல்கிறோம்?

கோபுரம் முழுவதையும் ஒரு படத்தில் அடக்கும் அகலக் கோணம் தொடங்கி, அதே கோபுரத்தின் உச்சிக் கலசத்தைத் தனியே பிடிக்கும் தொலைவு வரை ஒரே குழலுக்குள் தரும் லென்ஸ். டாம்ரான் 1992இல் வெளியிட்ட 28-200 இந்த வகையைப் பரவலாக்கியது. அது பிலிம் காலம். டிஜிட்டல் கிராப் சென்சாருக்கு என்று வந்தவற்றில் பலருடைய ஆசையைக் கிளப்பியது 2005இல் வந்த நிக்கான் 18-200. அதன் பிறகு நடந்தது எண்களின் போட்டி. 18-250, 18-270 என ஏறி, 2014இல் 16-300, 2017இல் 18-400 வரை போய்விட்டது.

18-135, 18-140, 18-150 ஆகியவற்றைச் சிலர் சூப்பர்ஜூமாகவே கணக்கில் எடுப்பதில்லை. இந்தப் பக்கத்தில் அவையும் உண்டு. வாங்க வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் விடையே அவைதான்.

18-400 கிடைக்கும்போது 18-140ஐ ஏன் வாங்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை தெரிந்தால் மற்றவற்றில் பாதி தானே தீர்ந்துவிடும்.

பெட்டியின் மேல் உள்ள இரண்டு எண்களில் எல்லோருடைய கண்ணும் பெரிய எண்ணுக்கே போகிறது. ஆனால் அது போதாமல் போகும்போது படத்தை வெட்டிக்கொள்ளலாம். சின்ன எண் போதாமல் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை, சுவரைப் பின்னுக்குத் தள்ள முடியாது. 24 மெகாபிக்சல் கேமராவில் 300இல் எடுத்த படத்தை 400இல் எடுத்ததுபோல் வெட்டினால் சுமார் 13 மெகாபிக்சல் மிஞ்சும். அதை வைத்துச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாகவே அச்சிடலாம். ஆகவே 300க்கும் 400க்கும் உள்ள இடைவெளி விளம்பரத்தில் தெரியும் அளவுக்குப் படத்தில் தெரியாது.

140க்கும் 300க்கும் இடையே கதை வேறு. அங்கே வெட்டினால் ஐந்து மெகாபிக்சல்தான் மிஞ்சும். கைப்பேசித் திரைக்கு அது போதும், அச்சுக்குப் போதாது. எனவே 300 உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவரா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இப்போது கையில் உள்ள லென்ஸால் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். அந்தத் தகவல் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். 55இல் முடியும் லென்ஸில் பாதிப் படங்கள் 55இலேயே குவிந்திருந்தால் உங்களுக்கு நீளம் வேண்டும். 18இலேயே குவிந்திருந்தால் நீங்கள் தேட வேண்டியது சூப்பர்ஜூமே அல்ல, 10 மி.மீ. அளவில் தொடங்கும் அகலக்கோண லென்ஸ்.

16க்கும் 18க்கும் வெறும் 2 மி.மீ. தானே?

அந்த முனையில் 2 மி.மீ. பெரிது. ஐந்து மீட்டர் தொலைவில் நின்றால் 18இல் ஆறரை மீட்டர் அகலம் அடங்கும். 16இல் ஏழே கால் மீட்டருக்கும் மேல். முதுகுக்குப் பின்னால் தூண் இருக்கும் மண்டபத்திலும், எதிர்த் திண்ணையில் முட்டிக்கொண்டு நிற்கும் குறுகிய தெருவிலும், முப்பது பேர் வரிசையில் நிற்கும் குடும்பப் படத்திலும் அந்த முக்கால் மீட்டர்தான் இரண்டு பேரை உள்ளே கொண்டுவரும்.

இதனால்தான் டாம்ரானின் 16-300க்கும் 18-400க்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் பயணம் போகிறவருக்கு நான் முதலாவதையே சொல்வேன். எடையிலும் அது 540 கிராம். மற்றது 710 கிராமை ஒட்டி வரும்.

இரண்டு லென்ஸைத் தூக்கிச் சுமப்பதைவிட ஒன்று இலகுதானே?

கிராமில் அளந்தால், பல நேரங்களில் இல்லை. கேனானின் 18-55 சுமார் 215 கிராம், 55-250 எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டாரின் வகை) 375 கிராம். இரண்டும் சேர்ந்து 590. நிக்கானில் 18-55 ஏஎஃப்-பி 205, அதே வரிசையின் 70-300 விஆர் 415, ஆக 620. டாம்ரான் 18-400ஐவிட இந்த ஜோடிகள் இரண்டுமே இலகு. போதாக்குறைக்கு நீளமான முனையில் இந்த 55-250உம் 70-300உம் எந்த சூப்பர்ஜூமையும்விடத் தெளிவாகப் படம் தரும்.

சூப்பர்ஜூம் மிச்சப்படுத்துவது எடையை அல்ல, கழற்றி மாட்டும் நேரத்தை. தேர் நகர்ந்துகொண்டிருக்கிறது, ஒரு பக்கம் கூட்டம் தள்ளுகிறது, காற்றில் விபூதியும் புழுதியும் பறக்கின்றன. அங்கே மூடியை வாயில் கவ்விக்கொண்டு லென்ஸ் மாற்ற முடியாது. கடற்கரை, படகு, ஜீப் சவாரி, கைக்குழந்தையோடு பயணம் எல்லாம் இதே கணக்கில் வரும். உங்கள் பயணங்கள் இப்படிப்பட்டவை என்றால் சூப்பர்ஜூமுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. நிதானமாக நின்று எடுக்கிறவர் இரண்டு லென்ஸ்களையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இந்த எடை முழுவதும் கேமராவின் மூக்கில் தொங்கும். நிக்கான் டி5600 பேட்டரியோடு 465 கிராம். அதன் முன்னால் 700 கிராம் லென்ஸ் மாட்டினால், கேமரா லென்ஸின் வாலாகிவிடும். கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு மலை ஏறினால் ஒவ்வொரு படியிலும் அது வயிற்றில் இடிக்கும்.

எஃப்/6.3 என்பது எவ்வளவு பெரிய குறை?

எஃப் எண் லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது: எண் பெரிதானால் துளை சிறிது, ஒளி குறைவு. 6.3 வெயிலில் குறையே இல்லை. மாலை ஐந்தரைக்கு மேல் பெருங்குறை.

பெரும்பாலான சூப்பர்ஜூம் பெட்டிகளில் இது 3.5 என்று தொடங்கி 6.3 என்று முடியும். அந்த 3.5 அகல முனையில் மட்டும். ஜூமைத் திருப்பத் தொடங்கியதும் துளை சுருங்க ஆரம்பித்துவிடும். கடைசி எண்ணை எட்டும்வரை காத்திருக்காமல், பாதி வழியிலேயே 6.3க்கு வந்துவிடுவது வழக்கம். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் 6.3இல் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். எஃப்/1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதை நடைமுறையில் பாருங்கள். கல்யாண மண்டபத்தின் மஞ்சள் விளக்கில், எஃப்/1.8இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 800 வைத்து எடுக்கக்கூடிய படத்துக்கு 6.3இல் ஏறத்தாழ 10,000 தேவைப்படும். கிராப் சென்சாரில் 10,000 என்றால் பட்டுப்புடவையின் சரிகை குழம்பிப் போகும். கருவறை வாசல், நாட்டிய மேடை, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றிலும் இதே நிலைமைதான். வெளிச்சம் குறையக் குறைய ஆட்டோஃபோகஸும் முன்னும் பின்னும் தேடிக்கொண்டு நிற்கும். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இந்தத் தேடல் இன்னும் மோசம்.

மருந்து எளிது. சூப்பர்ஜூம் வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்குங்கள். நிக்கானுக்கு 35 எஃப்/1.8 டிஎக்ஸ் 200 கிராம். கேனானுக்கு 50 எஃப்/1.8 எஸ்டிஎம் 160 கிராம். பகலுக்கு ஜூம், இரவுக்கு இது. 18-400 ஒன்றையே வாங்குவதைவிட 18-140உம் ஒரு பிரைமும் வைத்திருப்பவர் அதிக இடங்களில் நல்ல படம் எடுப்பார் என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்ப்பவர்கள்.

அந்தப் பறவை பார்ப்பவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

வேடந்தாங்கலில் ஐம்பது மீட்டர் தொலைவில் மரத்தில் அமர்ந்திருக்கும் சங்குவளை நாரையை எடுத்துக்கொள்வோம். உயரம் ஒரு மீட்டரை ஒட்டியது. 300இல் அந்தத் தொலைவில் படத்துக்குள் அடங்கும் உயரம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். நாரை அதில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். நல்ல படம்தான். 400 இருந்தால் பாதியை நிரப்பும், இன்னும் நல்லது.

மீன்கொத்தி என்றால் கதை மாறுகிறது. சிறு நீல மீன்கொத்தியின் நீளம் 16 செ.மீ. அளவுதான். இருபது மீட்டர் தொலைவில் 300இல் அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, 400இல் ஏழில் ஒரு பங்கு. இரண்டுமே போதாது. அதற்கு 150-600 போன்ற தனி லென்ஸும், அதைவிட முக்கியமாக மறைவிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

எனவே, பயணத்துக்கு நடுவே பெரிய பறவைகள் என்றால் 300 அல்லது 400 முனை உதவும். பறவைகளுக்காகவே பயணம் என்றால் சூப்பர்ஜூம் வாங்காதீர்கள்.

என் கேமராவுக்கு எது பொருந்தும்?

முதலில் மவுண்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு வடிவமைத்த லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது. டிஎஸ்எல்ஆர் லென்ஸ் மிரர்லெஸ்ஸில் அடாப்டர் வைத்தால் பொருந்தும். கேனானில் அது பெரும்பாலும் சிக்கலில்லாமல் வேலை செய்கிறது. நிக்கானின் எஃப்டிஸெட் அடாப்டரில் பிற நிறுவன லென்ஸ்கள் சிலவற்றுக்கு உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவரும். வாங்கும் முன் டாம்ரான் அல்லது சிக்மாவின் இணையதளத்தில் உள்ள பொருத்தப் பட்டியலில் உங்கள் கேமராவின் பெயரைத் தேடுங்கள்.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு 18-140 எளிய வழி. நீளம் வேண்டுமானால் 2014இல் வந்த 18-300 எஃப்/6.3, எடை 550 கிராம். 2012இல் வந்த இன்னொரு 18-300 உண்டு. கடைசி எண் 5.6, எடை 830 கிராம். ஒரே பெயரில் இரண்டும் விற்கப்படுவதால், எது என்று பார்த்து வாங்குங்கள். 5.6க்கும் 6.3க்கும் இடையே உள்ளது மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதற்காக 280 கிராம் கூடுதலாகச் சுமக்க நான் சம்மதிக்க மாட்டேன். கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 18-135 எஸ்டிஎம் அல்லது அதன் யுஎஸ்எம் வடிவம். கேனானின் பழைய 18-200ஐ இப்போது தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. சிக்மாவின் 18-300 கன்டெம்பரரி 585 கிராம். டாம்ரான் 16-300க்கு நேர்ப் போட்டி. நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அது.

மிரர்லெஸ்ஸில் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. கேனான் ஆர்எஃப்-எஸ் 18-150 வெறும் 310 கிராம், நிக்கான் ஸெட் டிஎக்ஸ் 18-140 315 கிராம், சோனி 18-135 325 கிராம். டிஎஸ்எல்ஆர் காலத்து 18-140 ஒன்றே 490 கிராம் இருந்ததை நினைத்துப் பாருங்கள். நீளம் தேடுவோருக்கு டாம்ரான் 18-300. 2021இல் சோனிக்கும் ஃபியூஜிக்கும் வந்தது, பின்னர் நிக்கான் ஸெட்டுக்கும் கேனான் ஆர்எஃப்புக்கும் வந்தது, 620 கிராம். 2025இல் சிக்மா 16-300ஐக் கொண்டுவந்தது. அதன் கடைசி எண் 6.7. எடை ஏறத்தாழ டாம்ரான் அளவே. அகல முனை 16இல் தொடங்குவதாலேயே, புதிதாக வாங்குகிறவர் இதை முதலில் பார்க்கலாம். நிக்கான் ஸெட் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்த வாய்ப்பு இல்லை, அந்த மவுண்டில் அது வரவில்லை.

நடுக்கக் குறைப்பு லென்ஸிலேயே இருக்க வேண்டுமா?

இருக்க வேண்டும். நிக்கான் விஆர் என்றும், கேனான் ஐஎஸ் என்றும், டாம்ரான் விசி என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும் அழைப்பது இதைத்தான். விலை குறைந்த கிராப் சென்சார் கேமராக்கள் பலவற்றில் நடுக்கத்தை ஈடுகட்டச் சென்சாரே அசையும் வசதி கிடையாது. நிக்கான் ஸெட்50, கேனான் ஆர்10, சோனி ஏ6400 எல்லாம் அப்படியே. 300இல் கை நடுங்காமல் எடுக்க, இந்த வசதி இல்லாவிட்டால் ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். வசதி இருந்தால், நிற்கும் சிலையை 1/60இலும் எடுக்கலாம்.

ஆனால் அது நிறுத்துவது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது. குழந்தைக்கு 1/250 வேண்டும், பறக்கும் நாரைக்கு 1/1600 வேண்டும், அங்கே மறுபடியும் 6.3 வந்து குறுக்கே நிற்கும்.

படம் மங்கலாக இருக்கும் என்கிறார்களே?

நீளமான முனையில், துளையை முழுதாகத் திறந்து, கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால், ஆமாம். எஃப்/8க்குக் கொண்டுவந்தால் தெளிவு கூடும். எஃப்/11ஐத் தாண்டினால், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் மறுபடியும் குறையும். ஆக உங்களுக்கு உள்ள இடம் 6.3க்கும் 11க்கும் நடுவே மட்டும்.

அகல முனையில் நேர்க்கோடுகள் பீப்பாய்போல் வெளியே வளையும். சற்று ஜூம் செய்ததும் உள்ளே வளையும். கல்தூண் வரிசை எடுக்கும்போது இது கண்ணில் படும். கேமராவிலோ மென்பொருளிலோ திருத்தம் இருக்கிறது, அதைச் செயல்படுத்தி வைத்துவிட்டு மறந்துவிடலாம். வெயிலில் மின்னும் விளிம்புகளில் தெரியும் ஊதாக்கோடும் அப்படியே.

300 என்று எழுதியிருக்கிறது. பூவை நெருங்கி எடுத்தால் 300 போல் தெரியவில்லையே?

கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. லென்ஸில் எழுதியிருக்கும் எண் வெகு தொலைவில் ஃபோகஸ் செய்யும்போது உள்ள குவியத் தூரம். இந்த வகை லென்ஸ்கள் அருகில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளை நகர்த்திக் குவியத் தூரத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்கின்றன. மூன்று மீட்டரில் நிற்கும் ஒருவரை நண்பரின் 70-300ஆலும் உங்கள் 18-300ஆலும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பழுது அல்ல, வடிவமைப்பு அப்படி.

இதற்கு ஈடாக அண்மைப் படம் நன்றாக வரும். டாம்ரானின் மிரர்லெஸ் 18-300 அகல முனையில் 15 செ.மீ. வரை நெருங்கிப் பொருளைப் பாதி அளவில் பதிவு செய்யும். மேக்ரோ லென்ஸ் வாங்காதவருக்கு இது பெரிய லாபம்.

பின்னாளில் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாறினால் பயன்படுமா?

பேருக்குப் பயன்படும். இந்த லென்ஸ் சென்சாரில் விழவைக்கும் படவட்டம் சிறியது என்பதால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகிவிடும். கேனானின் இஎஃப்-எஸ் லென்ஸ்களோ அந்த நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது.

கேமராவின் ஃபிளாஷைப் போட்டால் படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழுகிறது. ஏன்?

லென்ஸ் நீளமானது, ஃபிளாஷ் தாழ்வானது. ஹூடை (லென்ஸ் முனையில் மாட்டும் நிழல் வளையத்தை) கழற்றிவிட்டு, 35க்கு மேல் ஜூம் செய்து எடுங்கள்.

பயன்படுத்திய லென்ஸ் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். டிஎஸ்எல்ஆர் சூப்பர்ஜூம்களுக்கு இப்போது அதுதான் நல்ல சந்தை. ஆனால் இவற்றில் நகரும் பாகங்கள் அதிகம். கடைக்காரர் முன்னிலையில் கால் மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். குழல் தானாக இறங்கினால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் இறங்குவது இந்த வகைக்கு இயல்பு, அதற்காகத்தான் 18இல் பூட்டு வைத்திருக்கிறார்கள். சடாரென்று விழுந்தால் வேண்டாம். குழலை முழுதாக நீட்டி நுனியைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் அதிகம் இருக்கக் கூடாது. பிறகு செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று 18, 50, 100, கடைசி எண் என நான்கு இடங்களில் எஃப்/8இல் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்குங்கள். மூலைகள் எல்லாம் ஒரே அளவு மங்கல் என்றால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுக்கக் குறைப்பை இயக்கிவிட்டு 300இல் கண்ணை வைத்தால் காட்சி மிதந்து நிற்க வேண்டும், துள்ளக் கூடாது.

கடைசியாக, கைப்பேசி விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசிகள் படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோல் நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை.

பூஞ்சை வராமல் எப்படிக் காப்பது?

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய தலைவலி. சூப்பர்ஜூமுக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. குழல் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது தள்ளும். மழையில் நனைந்த கையோடு நாள் முழுதும் ஜூம் செய்தால் அந்த ஈரம் உள்ளே போய்ச் சேரும்.

தோல் உறையிலும் துணிப் பையிலும் பீரோவுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்குப் பிடித்த இடம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், அதனுள் சின்ன ஈரப்பத மானி ஆகிய மூன்றும் போதும். மானி 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். முப்பதுக்குக் கீழே போகவிட வேண்டாம். உள்ளே உள்ள மசகும் ரப்பரும் உலர்ந்துவிடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவைத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தராதீர்கள். ஏசி அறையிலிருந்து வெளியே போகும் நாளில் லென்ஸைப் பைக்குள்ளேயே அரை மணி நேரம் விட்டு வையுங்கள், உடனே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். மழையில் நனைந்து திரும்பிய நாளில் துடைத்துவிட்டு, குழலை முழுதாக நீட்டிய நிலையில் மின்விசிறிக்கு அடியில் வைத்துக் காயவிட்ட பிறகே டப்பாவை மூட வேண்டும்.